பாப்பா வண்டியும் பல்லடம் ரோடும்

ஸ்ட்ரோலருக்குத் தமிழில் இன்னும் ஒரு பேர் நிலைக்கவில்லை. 'தள்ளுவண்டி'ன்னு எழுதிப் பார்க்கலாம். ஆனா எங்க அருள்புரத்தில் தள்ளுவண்டின்னா சாயங்காலம் காளான் போடுகிற வண்டி, இல்லைன்னா பானிபூரி வண்டி. 'குழந்தை வண்டி' எழுத்தில் சரி, வாயில் வராது. கடைக்குப் போனால் 'ஸ்ட்ரோலர்' என்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் அது 'பாப்பா வண்டி' ஆகிவிடுகிறது. ஒரு பொருளுக்குப் பேர் நிலைக்காமல் இருந்தால் பெரும்பாலும் அது இன்னும் தெருவுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நடைவண்டிக்கு நம்மிடம் பேர் உண்டு. மூணு சக்கரம், ஒரு குறுக்குக் கட்டை, மரக் கடைசல். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவம் சிறுதேர். நான் சொல்ல வருவது, இந்த இரண்டிலும் வண்டியை உருட்டுவது குழந்தைதான். குழந்தையை உட்கார வைத்துப் பெரியவர்கள் தள்ளிப் போவதற்குப் பத்துப் பருவத்தில் இடமே இல்லை. குழந்தை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கு இடுப்பு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதில் கிடந்த கனமான பொன்குழையைக் கழற்றி எறிகிறாள். அது வழியில் கிடந்து அந்தச் சின்ன வண்டியை மறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்டத்தான் அந்த இடம் என்று பாடத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு இப்போது அதைப் படித்தால் வேறு ஒன்று படுகிறது. தமிழில் குழந்தை வண்டி பற்றி இவ்வளவு பழைய குறிப்பு ஒன்று கிடைக்கிறது, அதுவும் வழியில் கிடக்கும் தடையைப் பற்றியதாக இருக்கிறது.

தங்கச்சி மகளுக்கு எட்டு மாசம். 'எந்த வண்டி வாங்கலாம்னு பார்த்துச் சொல்லண்ணா'ன்னு பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டாள். நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். குழந்தைத் துணிதான் எங்களுக்கு மெயின். அதனால் எனக்கு இதெல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. இரண்டு மாசமாக 'சிறந்த 10 ஸ்ட்ரோலர்கள்' வகைக் கட்டுரைகளையும் வீடியோக்களையும் தமிழிலும் இங்கிலீஷிலும் பார்த்துத் தள்ளினேன். அந்த வழிகாட்டிகள் மீதும், அவை விற்கும் பொருள் மீதும் என் விமர்சனம்தான் இது.

வழிகாட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் பேசுகின்றன. ஒரு கையால் மடக்க முடியுமா, எடை எத்தனை கிலோ, சீட் சாயுமா, கைப்பிடியைத் திருப்பிப் போட முடியுமா, கூடை பெரிசா, கப் ஹோல்டர் உண்டா. குழந்தையைப் பற்றிக் கேட்கின்றன, பட்ஜெட்டைப் பற்றிக் கேட்கின்றன. உங்கள் வீட்டு வாசலில் இருந்து முதல் 200 மீட்டர் எப்படி இருக்கிறது என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் சொல்லும் எந்தச் சிபாரிசுக்கும் எங்கள் ஊரில் அர்த்தம் கிடையாது. ஸ்ட்ரோலர் தனியாக முழுமையான ஒரு பொருள் அல்ல. சைக்கிள் மாதிரிகூட இல்லை, சைக்கிள் குழியில் இறங்கி ஏறும். ஸ்ட்ரோலரின் மீதிப் பாதி ரோட்டில் இருக்கிறது, அந்தப் பாதி பெட்டியில் வராது.

இதை விளங்கிக்கொள்ள அந்த வண்டி எங்கே பிறந்தது என்று பார்த்தால் போதும். 1733-ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகத் தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கெண்ட் ஒரு வண்டி செய்து கொடுத்தார். ஆடோ சின்னக் குதிரையோ இழுக்கிற மாதிரி. அது ஓடியது ரோட்டில் அல்ல, அரண்மனைத் தோட்டத்துப் பாதையில். இன்றைக்கு நாம் கடையில் பார்க்கும் குடை மாதிரி மடங்குகிற வண்டி 1965-ல் ஓவன் மெக்லாரன் காப்புரிமைக்குக் கொடுத்தது. அவர் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியில் வேலை செய்தவர். விமானச் சக்கரம் உள்ளே மடங்குகிற அறிவை அலுமினியக் குழாயில் போட்டு, 3 கிலோவுக்கும் குறைவான எடையில் ஒரு வண்டியைச் செய்துவிட்டார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மடக்கிய வண்டி, அப்படியே பஸ்ஸில் ஏறலாம். அழகான வடிவமைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடையைக் குறைக்க அவர் சக்கரத்தைச் சின்னதாக்கினார். சமமான நடைபாதை இருக்கிற ஊருக்கு அது நியாயமான பேரம்.

நடைபாதை இல்லாத இடத்துக்குப் போக நினைத்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1984-ல் அமெரிக்காவில் யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர் மகனையும் கூட்டிக்கொண்டு ஓட்டப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டு, சைக்கிள் சக்கரம் மூன்றை மாட்டி ஒரு வண்டி செய்தார். நெதர்லாந்தில் மாக்ஸ் பாரன்புருக் வடிவமைத்த புகாபூ 1999-ல் வந்தது. மணலிலும் பனியிலும் சின்னச் சக்கரங்களைத் தூக்கிவிட்டுப் பெரிய இரண்டு சக்கரத்தில் இழுத்துப் போகலாம். ஆக, வண்டியை மாற்றியவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது தரையைத்தான். நம் கடைக்கு வந்து சேரும்போது தரை மட்டும் விட்டுப்போகிறது.

சக்கரத்தின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். எங்கள் வீதியில் சாக்கடை மேல் மூடியிருக்கிற ஸ்லாப் ரோட்டை விட 3 செ.மீ. மேலே நிற்கிறது. டேப் வைத்து அளந்தேன். முன் சக்கரத்தின் விட்டம் 12 செ.மீ. என்றால் ஆரம் 6, தடை அதில் பாதி. அதை நேராகத் தள்ளி ஏற்ற, அந்தச் சக்கரங்களின் மேல் நிற்கும் எடையைப் போல 1.73 மடங்கு விசை வேண்டும். விட்டம் 30 செ.மீ. என்றால் 0.75 மடங்கு போதும். பாப்பா 8 கிலோ, வண்டி 6 கிலோ, பாதி எடை முன்னால் என்று வைத்துக்கொண்டால் முதல் வண்டிக்குச் சுமார் 12 கிலோ தள்ளல், அதே எடைக்குப் பெரிய சக்கரத்தில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தடை 6 செ.மீ. ஆகிவிட்டால் சின்னச் சக்கரத்தை நேராகத் தள்ளி ஏற்றவே முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அதுவும் கைப்பிடி மேலே இருப்பதால் நாம் சாய்வாகக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம், முன் சக்கரம் இன்னும் தரையில் அழுந்துகிறது. ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளுகிறவர்கள் பள்ளத்தில் திருப்பி, பெரிய பின்சக்கரம் முதலில் ஏறும்படி பின்னோக்கி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரோலருக்கும் அதே வழிதான். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லிக் கேட்கவில்லை.

நான் கடையில் பார்த்த பெட்டிகளில் சக்கரத்தின் விட்டம் அச்சடித்திருக்கவில்லை. கப் ஹோல்டர் இருக்கிறது என்று மட்டும் தெளிவாக அச்சடித்திருந்தது.

திருப்பூரில் கடைக்குப் போனபோது இஞ்ச் டேப்போடும் பத்து கிலோ அரிசிச் சிப்பத்தோடும் போனேன். சிப்பத்தை சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, கடை வாசல் சாய்வில் பிரேக்கை அழுத்தி விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டி புள்ளைக்குங்களா அரிசிக்குங்களா?" என்றார். அப்புறம் அவரே ஆர்வமாகி இன்னும் இரண்டு மாடலை எடுத்துவந்து சாய்வில் நிறுத்தினார். ஒன்று ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பூட்டி, இன்னொரு பக்கம் மெல்லச் சுழன்றது. அதை அவரே உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

குழந்தைப் பொருளை எப்படிச் சந்தேகப்படுவது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் ரோம்பரில் ஒவ்வொரு ஸ்னாப் பட்டனையும், பையர் சொல்லும் விசையில் 10 விநாடி இழுத்துப் பிடித்தாலும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. துணிக்குள் உடைந்த ஊசி முனை இருக்கிறதா என்று பார்க்க நீடில் டிடெக்டர். ஈ.என் 14682 என்று ஒரு ஐரோப்பியத் தரம் உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலைமூடி, கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்கிறது. ஒரு கயிறுக்கு ஒரு முழு ஷிப்மென்ட் நின்றுபோகும். இத்தனையும் படிக்காத அக்காக்கள்கூட எங்கள் செக்கிங் டேபிளில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதே கண்ணோடு ஸ்ட்ரோலரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மடங்குகிற மூட்டு. 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது மூட்டுக்குள் விரல் மாட்டி 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானதாகப் புகார். தீர்வு என்ன தெரியுமா, மூட்டின் மேல் மாட்ட ஒரு துணி உறை. ஒரு துணித் துண்டு போதுமாக இருந்த விஷயம் அது. கடையில் வண்டியை விரித்து மடக்கும்போது உங்கள் சுண்டுவிரல் போகிற இடைவெளி எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்று பாருங்கள். குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, அல்லது அது பக்கத்தில் நிற்கும்போது, மடக்கவோ விரிக்கவோ கூடாது.

அடுத்து பெல்ட். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து புள்ளியில் பிடிக்கிற பெல்ட்தான் வேண்டும். அது துணியோடு சேர்கிற இடத்தில் பார்டேக் அடித்திருக்கிறதா, வெறும் ஒற்றைத் தையலா என்று திருப்பிப் பாருங்கள். இதை திருப்பூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள், நான் பார்த்த ஒரு மலிவு வண்டியில் ஒற்றைத் தையல்தான் இருந்தது. அப்புறம் 'பிறந்ததிலிருந்து 3 வயது வரை' என்று எழுதியிருந்தால் சீட்டைச் சாய்த்துப் பாருங்கள். கழுத்து நிற்காத குழந்தைக்கு ஏறக்குறையப் படுக்கையாகச் சாய வேண்டும். குடை மாதிரி மடங்குகிறவை பலவும் அவ்வளவு சாயாது. அவை தானாக உட்காரும் பிள்ளைக்கு, அதாவது ஆறு மாசம் தாண்டித்தான். ஐரோப்பாவில் ஸ்ட்ரோலருக்கு ஈ.என் 1888, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம் எஃப் 833 என்று தரங்கள் இருக்கின்றன. பெட்டியில் அந்த எண் இருந்தால் நல்லது. ஆனால் அந்தத் தரங்களும் வண்டியைச் சோதிக்கின்றன, பல்லடம் ரோட்டைச் சோதிப்பதில்லை.

இப்போது ரோட்டுக்கு வருகிறேன். அருள்புரம் கரைப்புதூர் ஊராட்சியில், திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் இருக்கிறது. சாயப்பட்டறை, காம்பாக்டிங், ஸ்டிச்சிங் யூனிட், லைன் வீடு, மறுபடி சாயப்பட்டறை. நான் தினமும் நடக்கிற இடத்தில் ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண், மண்ணுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் வேன், அதற்கு அப்புறம் சாக்கடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி 103 வழிகாட்டி நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு வீல்சேர் எதிரெதிரே கடக்கிற அகலம் அது. ஒரு ஸ்ட்ரோலர் அரை மீட்டர் சொச்சம்தான். எங்களுக்கு அந்த அரை மீட்டரும் லாரியோடு பங்கு போட்டுத்தான்.

பங்கு போடுவதில் இன்னொரு கணக்கு. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான ஆய்வுக்குழு 2018-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. வண்டியில் உட்காரும் குழந்தையின் மூக்கு தரையிலிருந்து 0.55 முதல் 0.85 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது வண்டிகளின் புகைக்குழாய்க்கு நெருக்கமான உயரம், பெரியவர்களை விட 60 சதவீதம் வரை அதிக மாசு அந்தக் குழந்தைக்குப் போகலாம் என்றது. இடுப்பில் இருக்கும் குழந்தை அதை விட மேலே இருக்கிறது. எங்கம்மா இந்த ஆய்வைப் படிக்கவில்லை. "புள்ளைய இடுப்புல வெச்சுட்டுப் போனா என்ன கேடு? லாரிப் புகைல கொண்டுபோய் மூஞ்சிய நீட்டோணுமா?" என்று மட்டும் கேட்டார்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆட்கள் பாசத்தில் வண்டியின் மேல் சேலைத் துண்டைப் போர்த்தி மூடுவார்கள். ஸ்வீடனில் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடட் பத்திரிகை 2014-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடியதும் அரை மணியில் 34, ஒரு மணியில் 37. இது ஸ்வீடன் வெயில். இங்கே சித்திரையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் கூரை நீளமாக இருக்க வேண்டும், பக்கமும் முதுகும் வலைத்துணியாக இருக்க வேண்டும், மூடவே கூடாது.

அப்போ இடுப்பே போதும், வண்டி எதுக்கு? எங்கம்மாவோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். இடுப்பு யாருடையது என்று கேட்க வேண்டும். எட்டு கிலோ இப்போது, ஒன்றரை வயதில் பத்து பதினொன்று. தூக்குவது தங்கச்சி, அவள் ஷிப்டுக்குப் போனால் எங்கம்மா. அவருக்கு முட்டி தேய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தூளி கட்டிப் போட்டால் பாப்பா தூங்கும், அது வரைக்கும் அருமையான சாதனம், காசும் செலவில்லை. முழித்தபிறகு அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. ஆகவே இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே. பாப்பா பகலில் பார்க்கிற உலகம் ஒரு டிவி, ஒரு ஜன்னல், கட்டிலில் குவிந்திருக்கும் பீஸ் துணி. இந்தப் பகுதியில் ஸ்ட்ரோலர் வாங்கிய வீடுகளில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அது ஹாலில் சோறூட்டும் நாற்காலியாக நிற்கும், சிலதில் மடித்த துணி இருக்கும். வண்டி மோசம் என்பதல்ல காரணம். வாசல் தாண்டினால் அதற்கு இடம் இல்லை.

ஸ்ட்ரோலர் வசதியானவர்களின் மால் சாமான் என்று ஒரு பேச்சு உண்டு. கோயமுத்தூர் மால்களில் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். யோசித்தால் தலைகீழ். மாலுக்கு வருகிறவர்கள் காரில் வருகிறார்கள், லிஃப்டில் ஏறுகிறார்கள், குழந்தையைத் தூக்கி நடக்கும் தூரமே அவர்களுக்குக் கம்மி. இந்த வண்டி உண்மையில் யாருக்குத் தேவை? காலை எட்டரை ஷிப்டுக்கு லைன் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போகிற பெண்ணுக்கு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களில் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் காப்பகம் வரைக்கும் குழந்தை எப்படி வரும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு தோளில் பை, ஒரு கையில் டிபன் கேரியர், இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் டேங்கர் லாரி. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து இங்கே தைக்கிற பெண்களுக்குக் கூடத் தூக்க அமுச்சியும் கிடையாது, ஆத்தாவும் கிடையாது. அவர்கள் தைத்து அனுப்புகிற பாடிசூட்டைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஊரில் ஒரு குழந்தை ஸ்ட்ரோலரில் சமமான நடைபாதையில் போகிறது. பையர் அனுப்பும் கேட்டலாக்கில் அந்தப் படத்தை நான் சீசனுக்கு இரண்டு தடவை பார்க்கிறேன்.

சரி, என்ன வாங்கினோம்? காற்றடிக்கிற டயர் உள்ள மூணு சக்கர வண்டி, பழையது, திருப்பூரில் ஒரு குடும்பத்திடம். பின்சக்கரம் 30 செ.மீ. எடை 11 கிலோ. எந்தப் பட்டியலிலும் இது முதலில் வராது. மடக்கினாலும் பெரிசு, பஸ்ஸில் ஏற்ற முடியாது. மாடியில் குடியிருக்கும் தங்கச்சி அதைத் தினமும் தூக்கப் போவதில்லை, படிக்கட்டுக்குக் கீழே டிவிஎஸ் எக்ஸ்எல் பக்கத்தில் நிற்கும். ஆனா பஞ்சர் ஆனால் முக்கு சைக்கிள் கடையில் ஒட்டிக் கொடுப்பார்கள். சின்ன பிளாஸ்டிக் சக்கரம் உடைந்தால் வண்டியே குப்பைக்குத்தான். எங்கள் ஊரில் வாங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: சைக்கிள் கடைக்காரர் இதைத் தொடுவாரா? ரயிலிலும் பஸ்ஸிலும் அடிக்கடி போகிறவர்கள், மாடி ஏறி இறங்குகிறவர்கள் என்றால் குடை மாதிரி மடங்குவதை வாங்கிக்கொள்ளுங்கள், வீதியில் அதை எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரே வண்டி செய்யும் என்று சொல்கிற வழிகாட்டியை மூடிவிடலாம்.

இப்போது எங்கம்மா காலை ஆறேகாலுக்குப் பாப்பாவைக் கூட்டிப் போகிறார். லாரி நடமாட்டம் கூடுவதற்கு முந்தைய நேரம். வீதி முக்கு வரை 140 மீட்டர், அங்கிருந்து கோயில் வரை 260. நடுவில் இரண்டு ஸ்லாப், அதில் ஒன்றைத் திரும்பி நின்று இழுத்து ஏற்றுகிறார். முதல் வாரம் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் பின்னாலேயே வந்தார்கள், இப்போது பழகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பும் அங்கன்வாடியும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். வண்டியோடு அவர் அங்கே இன்னும் போனதில்லை. அதற்கு பாப்பா இடுப்பில்தான்.